ஆர்.சி. விமானம் ஓட்டப் பழக சிமுலேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், வாங்கிய அன்றே உடைத்துவிட்டவர்கள், கல்லூரிப் போட்டிக்கு விமானம் செய்துவிட்டு அதை ஓட்ட ஆள் தேடும் மாணவர்கள் என்று பலரும் சிமுலேட்டரை (கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள்) பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மைதானத்தில் புதியவர்கள் பழகுவதைப் பார்த்ததும் நானே பழகியதும்தான் பதில்களுக்கு அடிப்படை.

சிமுலேட்டர் இல்லாமல் நேராகப் பறக்கவிட்டே பழக முடியாதா?

முடியும். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, அவர் ரிமோட்டையும் உங்கள் ரிமோட்டையும் இணைத்துவைத்து, விமானம் தடுமாறும்போதெல்லாம் ஒரு ஸ்விட்சைத் தட்டித் தன் கைக்கு வாங்கிக்கொண்டால், அதைவிடச் சிறந்த வழி கிடையாது. இதைப் 'பட்டி பாக்ஸ்' (buddy box) என்பார்கள். ஆனால் அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தனியாகப் பழகுபவரின் முதல் பறப்பு பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் மூக்கு மண்ணில் குத்தி நிற்கும். அப்புறம் பசை, டேப், புது ப்ரொப்பெல்லர், அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பு. சிமுலேட்டரில் அதே தவறை ஒரே மாலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து, ஏன் விழுந்தது என்று பார்த்து, கையைத் திருத்திக்கொள்ளலாம்.

அது சரியாக எதைக் கற்றுக்கொடுக்கிறது?

எல்லாவற்றுக்கும் முதலில், திசை. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் சாயும். அதில் குழப்பம் இல்லை. அதே விமானம் திரும்பி உங்களை நோக்கி வரும்போது, அதன் வலது இறக்கை உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறது. இப்போது வலப்பக்கம் தள்ளினால் உங்கள் கண்ணுக்கு அது இடப்பக்கம் போகும். பதறிப்போய் இன்னும் கொஞ்சம் தள்ளுவீர்கள். இன்னும் சாயும். புதியவர்களின் விமானங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. விமானம் எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்கிற பந்தல்காலுக்குச் சாயும் பக்கத்திலேயே முட்டுக் கொடுப்பது போல. இதைப் படித்தவுடன் புரிந்துவிடும். ஆனால் யோசித்துச் செய்வதற்கு வானத்தில் நேரம் இருக்காது. விரல் தானாக நகர வேண்டும், அதற்குத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிமுலேட்டருக்குக் கொடுக்கும் காசு இந்த ஒன்றுக்கே தகும் என்பது என் கருத்து.

அடுத்தது ஸ்டால். விமானம் இறங்குகிறது என்று தெரிந்ததும் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு, அதற்கான ஸ்டிக்) பின்னால் இழுக்கத் தோன்றும். மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விடும். ஒரு இறக்கை சட்டென்று கீழே விழும், விமானம் அந்தப் பக்கமே சுழன்று இறங்கும். சிமுலேட்டரில் இதை வேண்டுமென்றே செய்து பாருங்கள். நல்ல உயரத்தில் த்ராட்டிலை (மோட்டாரின் வேகத்தை) முழுதாகக் குறைத்துவிட்டு, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருங்கள். முதலில் கட்டுப்பாடு மந்தமாகும், ஸ்டிக்கை அசைத்தாலும் விமானம் உடனே கேட்காது. பிறகு விழும். விழுந்ததும் எலிவேட்டரை விட்டுவிட்டு, த்ராட்டிலைக் கொடுத்து, வேகம் பிடித்தபின் இறக்கையைச் சமப்படுத்தி, மெல்ல மேலே எடுங்கள். விழுவதற்கு முன் வரும் அந்த மந்தத்தைக் கண் அடையாளம் கண்டுகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எந்த சிமுலேட்டர் வாங்கலாம்?

காசு செலவழிக்காமல் தொடங்க பிகாசிம் போதும். இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும், போனிலும் உண்டு. மலைச்சரிவில் ஏறிவரும் காற்றில் கிளைடர் (மோட்டார் இல்லாத விமானம்) ஓட்டுவதற்கு இது தனிச்சிறப்பு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிஆர்ஆர்சிசிம் இருக்கிறது. படம் பழையதாகத் தெரிந்தாலும் பறக்கும் விதம் மோசமில்லை.

காசு கொடுப்பதானால் ரியல்ஃப்ளைட். 1990களின் இறுதியிலிருந்து வளர்ந்து வருவது. இப்போது ஹொரைசன் ஹாபி நிறுவனத்தின் கையில் இருக்கிறது, ஸ்டீமிலும் கிடைக்கும். அப்ரென்டிஸ், ஏரோஸ்கவுட் மாதிரி கடையில் விற்கும் டிரெய்னர்களே (பழகுவதற்கான விமானங்கள்) அதில் இருப்பதால், வாங்கப்போகும் விமானத்தையே முன்கூட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியில் செய்யப்படும் ஏரோஃப்ளை ஆர்.சி.யும் நல்லது. ஃபீனிக்ஸ் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். அதன் விற்பனையை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன, புதிதாகத் தொடங்குபவர் அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்வேன்: எந்த மென்பொருள் என்பதைவிட எந்த ரிமோட்டில் பழகுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

அப்படியானால் எந்த ரிமோட்?

நாளை மைதானத்துக்குக் கொண்டுபோகப்போகும் அதே ரிமோட். விமானம் வாங்குவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். ஸ்ப்ரிங்கின் இறுக்கம், ஸ்டிக்கின் நீளம், கட்டைவிரலால் ஓட்டுகிறோமா இரண்டு விரலால் பிடித்து ஓட்டுகிறோமா என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் சேர்ந்தவை.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது ஃப்ளைஸ்கை ஐ6. அதன் முதுகில் வட்டமான சிறு போர்ட் ஒன்று இருக்கும். அதற்கென்று விற்கும் சிமுலேட்டர் கேபிள் அல்லது டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறு கருவி) வழியாகக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். ரேடியோமாஸ்டர், ஜம்பர் போல எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரிமோட்டுகளுக்கு டாங்கிளே வேண்டாம். ரிமோட்டை ஆன் செய்து சாதாரண யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் திரையில் ஒரு பட்டியல் வரும், அதில் ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மோட், அதாவது எந்தக் கை எதை இயக்கும் என்ற விஷயத்தையும் இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். மோட் 2 என்றால் த்ராட்டிலும் ரடரும் (மூக்கை இட வலமாகத் திருப்பும் வால் மடிப்பு) இடது கையில், எலிவேட்டரும் எய்லரானும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்பு) வலது கையில். மோட் 1 என்றால் த்ராட்டிலும் எலிவேட்டரும் கை மாறிவிடும். ஜப்பானில் மோட் 1 அதிகம், நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மோட் 2. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே எடுங்கள். ஒரு மோடில் கை ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கீபோர்டிலோ போன் திரையிலோ பழகலாமா?

கீபோர்டில் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் முழுதாக, விட்டால் ஒன்றுமில்லை. விமானத்துக்குத் தேவை அரை மில்லிமீட்டர் அசைவு. போன் திரையில் பேருந்துப் பயணத்தில் திசைக்குழப்பத்தைக் கொஞ்சம் பழகலாம், அவ்வளவுதான். வீடியோ கேம் பேடும் பரவாயில்லை ரகம். அதில் த்ராட்டில் விட்ட இடத்தில் நிற்காமல் நடுவுக்கு வந்துவிடும், ஸ்டிக்கும் மிகக் குட்டை.

இணைத்த பிறகு விமானம் தானாக ஒரு பக்கம் சாய்கிறது. என்ன செய்வது?

கேலிபிரேஷன் (ஸ்டிக்கின் நடுவும் எல்லையும் எவை என்று சிமுலேட்டருக்குக் காட்டுவது) செய்யவில்லை என்று அர்த்தம். ரிமோட்டில் சிமுலேட்டருக்கென்று புதிதாக ஒரு மாடலை (ஒரு விமானத்துக்கான அமைப்புகளின் தொகுப்பை) உருவாக்குங்கள். அதில் மிக்ஸிங் (ஒரே ஸ்டிக் இரண்டை இயக்குவது), எக்ஸ்போ (நடுவில் ஸ்டிக்கின் அசைவை மென்மையாக்குவது) எதுவும் வேண்டாம், டிரிம் (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பட்டன்கள்) எல்லாம் நடுவில் இருக்கட்டும். பிறகு சிமுலேட்டரின் கேலிபிரேஷன் பக்கத்துக்குப் போய் இரண்டு ஸ்டிக்குகளையும் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சுற்றி, நடுவில் விட்டு முடியுங்கள். எலிவேட்டர் தலைகீழாக வேலை செய்தால் அதை சிமுலேட்டருக்குள் மாற்றுங்கள். உண்மையான விமானத்துக்காக வைத்திருக்கும் மாடலில் மாற்றிவிட்டு மறந்துபோனால், மறுநாள் மைதானத்தில் அது விமானத்தையே காவு வாங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பல ரிமோட்டுகள் சிமுலேட்டரில் ஓட்டும்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்து மேசையில் அதே ரிமோட்டுடன் பைண்ட் செய்த (இணைத்துவைத்த) விமானம் பேட்டரியோடு இருந்தால் ப்ரொப்பெல்லர் சுழலத் தொடங்கும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஸ்டிக்கை அசைத்துச் சற்று நேரம் கழித்து விமானம் அசைந்தால் அது கம்ப்யூட்டர் திணறுவது. படத்தின் தரத்தைக் குறையுங்கள். புல்லும் மேகமும் அழகாகத் தெரிய வேண்டியதில்லை. டிவியில் இணைத்திருந்தால் அதன் கேம் மோடைப் போடுங்கள்.

விமானத்தின் பின்னாலிருந்து பார்க்கும் காட்சி எளிதாக இருக்கிறதே, அதில் பழகலாமா?

கூடாது. பின்னாலிருந்தோ காக்பிட்டிலிருந்தோ பார்த்தால் வலது எப்போதும் வலதுதான். நீங்கள் கற்க வந்த கஷ்டமே அங்கே இல்லை. தரையில் ஒரே இடத்தில் நிற்கும் ஓட்டியின் பார்வையை மட்டும் வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் தேர்ந்தவர்களும் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள், அது போதாதா என்று. காற்று, ஸ்டால், ரன்வேயைச் சுற்றிவந்து இறங்கும் முறை எல்லாம் அவர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும், அது பெரிய லாபம். ஆனால் எதிரே வரும் விமானத்தை ஓட்டும் பழக்கத்தை அவர்களும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தானாக ஜூம் ஆகும் வசதியையும் அளவோடு வையுங்கள். தரையும் அடிவானமும் திரையில் தெரிந்துகொண்டே இருக்கட்டும். வெறும் நீல வானத்தில் விமானத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால், அது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றே தெரியாது.

எந்த விமானத்தில் தொடங்கி எப்படிப் பழகுவது?

உடலுக்கு மேலே இறக்கை இருக்கும் மெதுவான டிரெய்னர். இறக்கை நுனிகள் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. ஸ்டிக்கை விட்டால் தானே ஓரளவு சமநிலைக்கு வரும். போர் விமானமும் ஜெட்டும் பட்டியலில் கண்ணைப் பறிக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் உயரத்தில் நேராகப் பறப்பது. அப்புறம் திருப்பம். திருப்பத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டிக்கைச் சாய்த்த பக்கமே பிடித்துக்கொண்டிருப்பதுதான் புதியவர்களின் வழக்கம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? எய்லரானை இடப்பக்கம் கொஞ்சம் கொடுங்கள். இறக்கை 20, 30 டிகிரி சாய்ந்ததும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சாய்வு அப்படியே நிற்கும், மூக்கு லேசாகத் தாழும். அது தாழாத அளவுக்கு மட்டும் எலிவேட்டரைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். விமானம் வளைந்து போகும். வேண்டிய திசை வந்ததும் எய்லரானை எதிர்ப்பக்கம் கொடுத்துச் சமப்படுத்தி, எலிவேட்டரை விடுங்கள். ஆக, நான்கு அசைவுகள்.

இடத் திருப்பம் கைவந்ததும் எல்லோரும் இடப்பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார்கள். வலப்பக்கமும் அதே அளவு சுற்றுங்கள். பிறகு எட்டுப் போடுங்கள். எட்டில் இரண்டு திருப்பமும் இருக்கிறது, எதிரே வருவதும் விலகிப் போவதும் இருக்கிறது. ரடரையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். தரையில் ஓடும்போது விமானத்தை நேராக வைப்பது அதுதான்.

லேண்டிங் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

எல்லோருக்கும் கடைசியாக வருவது அதுதான். ரன்வேயை நோக்கி விமானத்தை மூக்கால் குறிவைப்பதை நிறுத்துங்கள். உயரத்தைத் த்ராட்டிலிலும் வேகத்தை எலிவேட்டரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம் போதவில்லை என்றால் எலிவேட்டரை இழுக்காமல் த்ராட்டிலை ஏற்றுங்கள்.

காற்று அடிக்கும் திசையிலேயே ரன்வேக்கு இணையாக உங்களைத் தாண்டிப் போங்கள். கொஞ்ச தூரம் போனதும் த்ராட்டிலைக் குறைத்து முதல் திருப்பம், பிறகு ரன்வேக்கு நேராக வரும் இரண்டாம் திருப்பம். இந்த இரண்டாவதில்தான் அவசரப்பட்டு இறுக்கமாகத் திருப்பி ஸ்டால் ஆக்குவார்கள். இறக்கை சமமானதும் மூக்கை லேசாகத் தாழ்த்தி, காற்றை எதிர்த்து இறங்குங்கள். தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது த்ராட்டிலை முழுதாக எடுத்துவிட்டு எலிவேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அது தானே உட்காரும். வரிசை தப்பிவிட்டால் வம்புக்கு இறக்க வேண்டாம். த்ராட்டிலைக் கொடுத்து இன்னொரு சுற்று வாருங்கள். அதையும் தனியாகப் பழகுங்கள்.

மோட்டார் நின்றுபோன நிலையிலும் பழக வேண்டும். உயரத்தில் எங்கேயாவது த்ராட்டிலை மூடிவிட்டு, அங்கிருந்து ரன்வேக்குக் கொண்டுவந்து இறக்கிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்துபோகும் நாளில் அது கைகொடுக்கும்.

காற்றை வைக்க வேண்டுமா?

கட்டாயம். சிமுலேட்டரில் காற்று பெரும்பாலும் பூஜ்யத்தில் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. எட்டு போடக் கற்றதுமே மணிக்கு 8 கி.மீ. காற்று வையுங்கள், பிறகு 15, கூடவே கொஞ்சம் குலுக்கும் காற்று (டர்புலன்ஸ்), கொஞ்சம் பக்கக்காற்று. சென்னையில் மதியத்துக்குமேல் கடல்காற்று எழும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைப் பகுதியிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் ஆனியிலும் ஆடியிலும் அடிக்கிற காற்றில் ஒரு கிலோ ஃபோம் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த மாதங்களில் சிமுலேட்டரோடு இருப்பதே மேல்.

எவ்வளவு நாள் பழக வேண்டும்?

நாள் கணக்கு சொல்ல மாட்டேன். தினமும் 20 நிமிடம் பழகுவது ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்காருவதைவிட நல்லது. ஸ்டிக்கில் கை களைத்தபின் பழகுவது தப்பையே பழக்கும். காற்று வைத்த நிலையில், இரண்டு திசையிலிருந்தும், ரீசெட் பட்டனைத் தொடாமல் பத்து லேண்டிங் தொடர்ச்சியாகச் செய்ய முடிந்தால் மைதானத்துக்குப் போகலாம்.

அந்த ரீசெட் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. விழப்போகிறது என்று தெரிந்ததும் விரல் அங்கே போகும். போகவிடாதீர்கள். தரையைத் தொடும் வரை காப்பாற்றப் பாருங்கள். விழுந்தபின் அரை நிமிடம் சும்மா இருந்து, எந்த அசைவில் கெட்டது என்று நினைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ரெக்கார்டிங் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். சிமுலேட்டரில் நன்றாக ஓட்டி மைதானத்தில் உடைப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். அங்கே அசட்டையாக ஓட்டிப் பழகிய கைதான் இங்கேயும் வருகிறது.

கைரோ உள்ள விமானம் வாங்கினால் இதெல்லாம் தேவையா?

தேவைதான். கைரோ என்பது விமானம் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் கருவி. அதை வைத்து இயங்கும் சேஃப் போன்ற வசதிகள் சாய்வைக் கட்டுப்படுத்தும், ஸ்டிக்கை விட்டால் சமப்படுத்தும். தனியாகப் பழகுபவருக்கு அது நல்ல துணை. ஆனால் எங்கே திருப்புவது என்று அது உங்களுக்காக முடிவெடுக்காது. வீட்டில் கைரோ இல்லாமல் பழகுங்கள், மைதானத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரோன் பந்தயம், ஹெலிகாப்டர்?

அவற்றுக்குத் தனி சிமுலேட்டர்கள் இருக்கின்றன. எஃப்.பி.வி. (டிரோனிலுள்ள கேமரா வழியே பார்த்து ஓட்டும்) டிரோனுக்கு லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன். ஹெலிகாப்டருக்கு நெக்ஸ்ட். விமானம் ஓட்டும் கை அங்கே ஓரளவுதான் உதவும்.

சிமுலேட்டரால் கற்றுத்தர முடியாதது எது?

கை நடுக்கம். உங்கள் பணத்தில் வாங்கிய விமானம் மேலே இருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதை எந்த மென்பொருளும் தராது. தூரத்தைக் கணிப்பதும் திரையில் வராது. மரத்துக்கு முன்னால் பறக்கிறதா பின்னாலா என்று வெளியில்தான் தெரியும். சூரியனுக்குக் குறுக்கே போனால் சில நொடி கண் தெரியாது. சாம்பல் நிற மேகத்துக்கு எதிரே சாம்பல் நிற விமானம் மறைந்துபோகும், அதனால் இறக்கையின் அடிப்பக்கத்தில் பளிச்சென்ற பட்டை ஒட்டுவார்கள்.

பறப்பதற்கு முந்தைய சோதனையும் அங்கே கிடையாது. இதை நீங்களே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள், வலது எய்லரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வாலில் உள்ள மடிப்பு மேலே போக வேண்டும். விமானம் செய்தவர் குறித்திருக்கும் இடத்தில் இரண்டு விரலில் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்த விமானத்தை நல்ல பைலட்டாலும் ஓட்ட முடியாது. லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் காட்டுகிறதா, ரேஞ்ச் டெஸ்ட் (தூரத்திலும் சிக்னல் கிடைக்கிறதா என்ற சோதனை) சரியாக வருகிறதா, ரிமோட்டில் டைமர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

பறக்கவிட அனுமதி வேண்டுமா?

சிமுலேட்டருக்கு வேண்டாம். வெளியில் பறக்கவிட இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளைப் பார்க்க வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளியைப் பிரித்திருக்கிறார்கள். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 12 கி.மீ. வரை கட்டுப்பாடுகள் உண்டு. சென்னை, திருச்சி, மதுரை, கோவை எல்லாவற்றிலும் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால் மைதானம் தேடும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் மைதானத்தில் எப்படித் தொடங்குவது?

விடிந்ததும் போங்கள், காற்று அப்போதுதான் அடங்கியிருக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப்போய், ஆளோ மாடோ குறுக்கே வந்தால் சத்தம் போடச் சொல்லுங்கள். காற்றை எதிர்த்து ஏற்றி, பனைமரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு உயரம் போனபின் முதல் திருப்பம். ஸ்டிக்கை விட்டால் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்து டிரிம் போடுங்கள். தலைக்கு மேலும் பின்னாலும் கொண்டுபோக வேண்டாம். நான்கைந்து சுற்று வந்தபின், பேட்டரி பாதி இருக்கும்போதே இறக்குங்கள். முதல் முறை வரிசை தப்பினாலும் இன்னொரு சுற்று வர அதில் மிச்சம் இருக்கும்.